அவளுக்குப் புரியும் மொழியில்

சட்டப் புத்தகத்தில் இலக்கிய விமர்சகனுக்கு வேலை இல்லை என்பது பொதுவான எண்ணம். 1994இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தின் ஐந்தாவது பிரிவு இந்த எண்ணத்தைக் கலைக்கப் போதுமானது. கருவிலிருக்கும் சிசுவைப் பரிசோதிக்கும் முறைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. 1996இல் நடைமுறைக்கு வந்தது. 2003இல் திருத்தப்பட்டுப் பெயரும் நீண்டது. அந்த ஐந்தாவது பிரிவில் மொழியைப் பற்றி இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது, பரிசோதனையின் பக்கவிளைவுகளையும் பின்விளைவுகளையும் விளக்கிச் சொன்ன பிறகு, கர்ப்பிணியின் சம்மதத்தை அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் பெற்று, நகலை அவளிடம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, சிசு ஆணா பெண்ணா என்பதை வார்த்தையாலோ சைகையாலோ வேறெந்த விதத்திலோ தெரிவிக்கக் கூடாது.

ஒன்று பேசு என்கிறது. மற்றது பேசாதே என்கிறது. பேசாதே என்ற கட்டளையைத் தமிழ்நாட்டில் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் சுவரில் படிக்கலாம். பெரிய எழுத்தில், தமிழில், தண்டனைக்குரிய குற்றம் என்ற எச்சரிக்கையோடு. பேசு என்ற கட்டளைக்குப் பலகை இல்லை. இந்தக் கட்டுரை பலகை இல்லாத அந்தக் கட்டளையைப் பற்றியது. 'அவளுக்குப் புரியும் மொழி' என்று எழுதியவர்கள் மனசில் தமிழ், தெலுங்கு, இந்தி என்ற பட்டியல் இருந்திருக்கலாம். எனக்கோ அது மொழியைக் கையாளும் எவனுக்கும் விதிக்கக்கூடியவற்றில் மிகக் கடினமான நிபந்தனையாகத் தோன்றுகிறது.

*

பேசாதே என்பதற்குக் காரணங்கள் உண்டு. வயிற்றுக்குள் ஒலியலையைச் செலுத்திப் பார்க்கும் முறையை கிளாஸ்கோவில் இயான் டொனால்ட் என்ற மருத்துவர் 1958இல் உலகுக்கு அறிவித்தார். அவர் கடன் வாங்கியது உலோகத்தில் விரிசல் தேடும் தொழிற்சாலைக் கருவியை. ஆக, குறை தேடுவது அந்தக் கருவியின் பிறவிக் குணம். இந்தியாவுக்கு வந்ததும் குறை என்பதன் அர்த்தமே மாறிப்போயிற்று. பனிக்குட நீரை ஊசியால் எடுத்துக் குரோமோசோம்களைப் பார்க்கும் பரிசோதனை 1970களின் நடுவில் தில்லியில் தொடங்கியது, பிறவிக் கோளாறுகளைக் கண்டறிவதற்கென்று. சில வருஷங்களுக்குள் அது அதிகமாகக் கண்டறிந்த கோளாறு பெண்ணாயிருத்தல் என்றாகிவிட்டது. இன்றைக்குச் சில நூறு செலவழித்தால் பின்னால் வரதட்சிணையில் பல ஆயிரம் மிச்சம் என்று கூச்சமில்லாமல் விளம்பரம் செய்தார்கள். மகாராஷ்டிரம் 1988இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு நாடு முழுவதற்கும் 1994 சட்டம்.

தமிழ்நாட்டுக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. 1980களில் உசிலம்பட்டி பத்திரிகைகளில் அடிபட்டது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. எங்கள் திருவண்ணாமலையிலேயே 2018 டிசம்பரில், மருத்துவப் பட்டம் இல்லாத ஒரு பெண் சட்டவிரோதமாகக் கருக்கலைப்பு நடத்தியதாகக் கைதானார். ஆகவே சுவரிலிருக்கும் பலகை நியாயமானது. அதை எடுத்துவிட வேண்டும் என்று எவனாவது சொன்னால் அவனைச் சந்தேகிப்பேன்.

ஆனால் மௌனத்துக்கு வேலி போடுவது சுலபமல்ல. ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று பழகிய அறையில் மற்ற வார்த்தைகளும் அடங்கிப்போகின்றன. திரை அவள் பக்கம் திரும்புவதில்லை. அளவெடுப்பவர் அளவைச் சொல்வதில்லை. கேள்வி கேட்கும் கர்ப்பிணியின் மேல், இவள் அந்தக் கேள்வியைத்தான் சுற்றிவளைத்துக் கேட்கிறாளோ என்ற நிழல் விழுகிறது. அவளும் கேட்காமலிருப்பதே மரியாதை என்று எழுந்து வருகிறாள்.

என் மனைவிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம், முதல் கர்ப்பம். அவள் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. பன்னிரண்டாவது வாரத்தில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்தன. அன்று அவள் கையெழுத்திட்ட தாள்களில் தமிழில் இருந்தது ஒன்றுதான்: சிசுவின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்ற உறுதிமொழி. ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரைபடம், அதற்குக் கீழே சிவப்பில் 1:190 என்று ஓர் எண், பக்கத்தில் 'பாசிட்டிவ்' என்று ஒரு சொல். விவரம் கேட்டுப் போன் செய்தபோது, 'டாக்டர்கிட்ட காட்டுங்க' என்றார்கள். காட்டிய இடத்தில், 'ஹை ரிஸ்க்னு வந்திருக்கு, பெரிய ஊருக்குப் போயிடுங்க' என்று சொன்னார்கள். நாற்பது பேர் வெளியே காத்திருந்தார்கள். அவ்வளவுதான் விளக்கம்.

*

அந்தத் தாள் உண்மையில் என்ன சொல்கிறது? பதினோரு வாரம் முடிந்து பதினாலாவது வாரம் நிறைவதற்குள் செய்யும் பரிசோதனை இது. ஸ்கேனில் சிசுவின் பிடரித் தோலுக்கடியில் தேங்கியிருக்கும் நீரின் கனத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். என்.டி. என்று சொல்வது இதைத்தான். லண்டனில் கைப்ரோஸ் நிக்கோலைடஸ் குழுவினர் 1992இல் இந்த அளவின் முக்கியத்துவத்தை எழுதினார்கள். கூடவே தாயின் ரத்தத்தில், நஞ்சுக்கொடியிலிருந்து வரும் இரண்டு பொருள்களின் அளவைப் பார்க்கிறார்கள். இரண்டு என்பதால் டபுள் மார்க்கர். தாயின் வயதையும் சேர்த்து இவற்றை ஒரு கணக்கில் போட்டால் ஒரு விகிதம் வரும். வயது மட்டுமே சொல்லும் விகிதம் ஏற்கெனவே உண்டு. டவுன் சிண்ட்ரோமுடன் குழந்தை பிறக்கும் சாத்தியம் இருபது வயதுத் தாய்க்குச் சுமார் 1,500இல் ஒன்று. முப்பத்தைந்தில் சுமார் 350இல் ஒன்று. நாற்பதில் சுமார் 100இல் ஒன்று. இந்த விகிதத்தை ஸ்கேனும் ரத்தமும் மேலேயோ கீழேயோ நகர்த்துகின்றன. அவை செய்வது இவ்வளவே. குழந்தையின் ஒரு செல்லைக்கூட இதுவரை யாரும் பார்க்கவில்லை.

இதை நான் என் தொழிலிலிருந்து புரிந்துகொண்டேன். வங்கியில் நோட்டு எண்ணும் மெஷின் சில நோட்டுகளைத் தள்ளிவிடும். எங்கள் ஊரில் பௌர்ணமி கழிந்த மறுநாள் வரும் நோட்டுகளில் விபூதியும் குங்குமமும் படிந்திருக்கும். பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றி வந்தவர்களின் வியர்வையும் இருக்கும். மெஷின் அவற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளிய நோட்டைக் கள்ளநோட்டு என்று எந்த கேஷியரும் சொல்லமாட்டான். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டிய நோட்டு என்பதுதான் அதன் பொருள். பத்தில் ஒன்பதுக்கு மேல் நல்ல நோட்டாகவே இருக்கும். மெஷின் தவறு செய்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. சந்தேகப்படுவதற்காகவே வைக்கப்பட்ட மெஷின் சந்தேகப்பட்டது.

கணக்காகவே சொல்கிறேன். பத்தாயிரம் கர்ப்பிணிகளை எடுத்துக்கொள்வோம். அவர்களில் இருபது பேரின் சிசுவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தப் பரிசோதனை பொதுவாக நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் கண்டுபிடிக்கும். பாதிப்பு இல்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரையும் சேர்த்துச் சுட்டும். ஆக, இருபதில் பதினெட்டு பேர் அகப்படுவார்கள். இரண்டு பேர் 'லோ ரிஸ்க்' தாளோடு நிம்மதியாக வீடு திரும்புவார்கள். மீதமுள்ள 9,980 பேரில் 499 பேர் கையில் 'பாசிட்டிவ்' தாள் இருக்கும். மொத்தம் 517 தாள்கள். அவற்றில் பதினெட்டு மட்டுமே உண்மையில் அந்தக் குழந்தையைப் பற்றியவை. 499 பெண்கள் காரணமில்லாமல் தூக்கமிழப்பார்கள். அந்த இருவருக்கோ தூக்கம் கெடாது. கெட வேண்டும் என்று சொல்லும் உரிமையும் யாருக்கும் இல்லை.

சிவப்பும் பச்சையும் பிரியும் கோடு ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் 1:250. 249 சிவப்பு, 251 பச்சை. இயற்கையில் அப்படியொரு கோடு கிடையாது, நிர்வாகத்துக்காகப் போட்டது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் கட்டினால் பான் எண் வேண்டும் என்ற விதியின்போது எங்கள் கவுண்ட்டரில் 49,900கள் வந்து குவிந்தன. கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருப்பது ஒரே பணம் என்று கேஷியருக்குத் தெரியும். சிவப்பு மையில் அச்சான எண்ணைப் பார்க்கும் பெண்ணிடம் இதை யார் சொல்வது?

*

ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் தம் மாணவர்களிடம் ஆசிரியர் பெயரில்லாமல் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதியதைச் சேகரித்து, எப்படியெல்லாம் தவறாகப் படிக்கிறோம் என்று 1929இல் ஒரு புத்தகமே போட்டார். ஒவ்வொருவரும் பிரதியைப் படிக்காமல், தம்முள் ஏற்கெனவே தயாராக இருக்கும் எதிர்வினையைத்தான் படிக்கிறார்கள் என்பது அவர் கண்ட உண்மைகளில் ஒன்று. அந்த நான்கு பக்க ரிப்போர்ட் எங்கள் தெருவில் ஒரு வாரம் இதே வேலையைச் செய்தது.

என்னுடன் வேலைபார்ப்பவர் ஒருவர், 'பாசிட்டிவ்தானே சார், நல்லதுதானே?' என்றார். 2020க்குப் பிறகும் அந்தச் சொல்லின் மேல் நம்பிக்கை இழக்காத மனிதர். மருந்துக் கடையில், 'குழந்தைக்கு மூளை வளர்ச்சி இல்லைன்னு போட்டிருக்கு சார்' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். உறவில் ஒருவர், 'தப்பா நெனச்சுக்காத, இப்பவே கலைச்சிட்டா ஒடம்புக்கு நல்லது. இன்னொண்ணு பெத்துக்கலாம்' என்றார். பக்கத்து வீட்டு அக்கா, ஸ்கேன்காரர்கள் பணம் பிடுங்கக் கிளப்பிவிடுவது என்றாள். என் மாமியார் யாரையும் கேட்கவில்லை. 'அண்ணாமலையான் குடுத்தது மாப்பிள்ளை. அவன் பார்த்துப்பான். கரும்புத் தொட்டில் எடுக்கறதா வேண்டிக்கிட்டேன்' என்றாள். தீபத் திருவிழாவில் கரும்பில் தொட்டில் கட்டிக் குழந்தையைப் போட்டு மாடவீதி சுற்றும் வேண்டுதல். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜனுக்கு ஈசனே பிள்ளையானார் என்று நம்பும் ஊர் இது. வருஷா வருஷம் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, அந்த ராஜாவுக்கு மகன் ஸ்தானத்தில் சுவாமியே திதி கொடுக்கிறார். அத்தகைய ஊரில் மாமியாரின் வாசிப்புதான் இருப்பதில் நேர்மையானது. அவள் ரிப்போர்ட்டைப் படித்ததாகவே பாவனை செய்யவில்லை.

மற்றவர்களை நினைக்கும்போது இதே கோயிலின் ஆதிக் கதை ஞாபகம் வருகிறது. அடியையும் முடியையும் தேடிப் போன இருவரில் ஒருவர் திரும்பி வந்து, காணவில்லை என்றார். மற்றவர் கண்டேன் என்று சொல்லித் தாழம்பூவைச் சாட்சிக்குக் கொண்டுவந்தார். காணவில்லை என்றவருக்குக் கோயில்கள் உண்டு. கண்டேன் என்றவருக்கு வழிபாடு இல்லாமல் போயிற்று. தாழம்பூ பூஜைக்கு ஆகாமல் போயிற்று. தெரியாது என்று சொல்வதற்கு இவ்வளவு பெரிய மரியாதை செய்த ஊரில், தெரியாது என்று மட்டுமே சொல்லும் ஒரு தாளைச் சுற்றி எத்தனை தாழம்பூக்கள்!

தவறு முழுவதும் வாசகர்களுடையது அல்ல. சொற்களும் கைவிட்டுவிட்டன. 'ரிஸ்க்' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன செய்வது? அபாயம் என்றால் டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் மண்டையோட்டுப் படத்துடன் தொங்கும் பலகை கண்முன் வரும். ஆபத்து என்றால் அது வந்தேவிட்டது. வாய்ப்பு என்றால் லாட்டரிச் சீட்டின் வாசனை; குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வர வாய்ப்பு என்று யார் வாயாலும் சொல்ல முடியாது. நிகழ்தகவு என்ற நல்ல சொல் இருக்கிறது. பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை விட்டு அது வெளியே வந்ததில்லை. இந்த இடைவெளியில்தான் 190இல் ஒன்று என்ற சாத்தியம், 'ஏதோ இருக்கு' என்ற நிச்சயமாக உருமாறுகிறது.

*

பெரிய ஊரில் ஒரு மருத்துவர் இருபது நிமிஷம் பேசினார். அவர் பயன்படுத்தியது இந்தச் சொற்களில் எதுவும் இல்லை. 'உங்களை மாதிரியே ரிப்போர்ட் வாங்கின நூத்தித் தொண்ணூறு பேரை ஒரு கல்யாண மண்டபத்துல உட்கார வைங்கம்மா. அதுல நூத்தி எண்பத்தொன்பது பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்காது. ஒருத்தருக்கு இருக்கும். யாருன்னு இந்த ரிப்போர்ட்டுக்குத் தெரியாது.' என் மனைவி அந்த மண்டபத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு, 'யாருன்னு தெரிஞ்சுக்க என்ன செய்யணும்?' என்று கேட்டாள். ஒரு வாரத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. விளக்கம் என்பது பதில் தருவது அல்ல; கேள்வியைத் திருப்பித் தருவது.

இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, பதினைந்து வாரம் ஆன பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பது. டவுன் சிண்ட்ரோம் இருக்கிறதா இல்லையா என்று அநேகமாக உறுதியாகவே சொல்லிவிடும். ஆனால் ஊசியால் கர்ப்பம் கலையும் சாத்தியம் சிறிதளவு உண்டு. பழைய புத்தகங்கள் 200இல் ஒன்று என்றன. தேர்ந்த கைகளில் அதைவிடக் குறைவு என்கின்றன பிந்தைய ஆய்வுகள். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம், நோட்டு கிழியாது. இங்கே வெளிச்சமே ஊசிமுனையில் இருக்கிறது.

இன்னொன்று, தாயின் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைப் படிக்கும் பரிசோதனை. டென்னிஸ் லோ குழுவினர் 1997இல் கண்டுபிடித்ததிலிருந்து வளர்ந்தது. அவர்கள் முதலில் தாயின் ரத்தத்தில் அடையாளம் கண்டது ஆண் குரோமோசோமின் துணுக்கை. அதாவது, இந்தியச் சட்டம் சொல்லக் கூடாது என்று விலக்கிய அதே செய்திதான் இந்த விஞ்ஞானத்தின் முதல் வார்த்தை. இங்கே தரப்படும் ரிப்போர்ட்டில் அந்த வரி இருக்காது. விலை பல ஆயிரம் ரூபாய். திறமை அதிகம்: முன்பு சொன்ன பத்தாயிரம் பேரில் அந்த இருபது பேரையும் அநேகமாகக் கண்டுபிடிக்கும், தவறாகச் சுட்டுவது பத்துப் பேரைத்தான். ஆனாலும் சுட்டப்பட்ட மூவரில் ஒருவர் காரணமில்லாமல் சுட்டப்பட்டவர். படிக்கப்படும் துணுக்குகள் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. ஆகவே இதுவும் சல்லடைதான், கண் நெருக்கமான சல்லடை. நிச்சயம் வேண்டுமென்றால் கடைசியில் ஊசிதான்.

திரும்பும் பஸ்ஸில் போளூர் தாண்டியதும் அவள் சொன்னாள்: 'ஊசி போட்டா இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். இருக்குன்னு தெரிஞ்சா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கு முதல்ல தெரியணும்ங்க.' இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் விஷயம் நான்கு பக்கத் தாளில் எங்கும் இல்லை. ஒவ்வொரு பரிசோதனையும் தனக்குள் இன்னொரு கேள்வியை ஒளித்து வைத்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு ரத்தம் எடுக்க முடியாது.

மூன்று நாள் கழித்து, டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தாள். வங்கியின் பண்டிகை முன்பணம் அதற்குப் போயிற்று. சாத்தியம் மிகக் குறைவு என்று வந்தது. ஊசி வேண்டாம் என்றாள். இப்போது வீட்டில் ஒரு குழந்தைக்குப் பல் முளைத்துக்கொண்டிருக்கிறது. கதை நல்லபடியாக முடிந்தது என்று மூச்சுவிடும் வாசகரிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் குழந்தை 190இல் ஒன்று என்ற கணக்கைப் பொய்யாக்கவில்லை, மெய்யாக்கவும் இல்லை. மண்டபத்தில் 190 நாற்காலிகளும் அப்படியேதான் இருக்கின்றன. ஒன்றில் யாரோ உட்கார்ந்திருக்கிறாள்.

*

அந்த ஒருத்தியைப் பற்றி ரிப்போர்ட் மௌனம் சாதிக்கிறது. 1:190 என்பதில் ஒன்று என்ற எண்ணுக்கு முகம் கிடையாது. எங்கள் கிளையின் கவுண்ட்டருக்கு அந்த முகத்தோடு ஒருவர் மாதாமாதம் வருகிறார், தாயோடு. இருபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். அரசின் பராமரிப்பு உதவித்தொகை எடுக்க வருவார்கள். 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு கொடுத்த காப்பாளர் சான்றிதழின் பேரில் நடக்கும் கணக்கு. நோட்டுகளைத் தாய் வாங்கி மகனிடம் கொடுப்பாள். அவர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து எண்ணுவார். எண்ணிக்கை சில சமயம் சரியாக வரும், சில சமயம் வராது. பின்னால் நிற்பவர்கள் முனகினால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். ஒருநாள் அந்த அம்மா கேட்டாள்: 'எனக்கப்புறம் இந்தச் சான்றிதழ யார் பேர்ல மாத்துவாங்க சார்?' என்னிடம் இருந்தது விண்ணப்ப நடைமுறை. அதைச் சொன்னேன். அவள் கேட்டது அதையல்ல.

இந்த முகத்துக்குப் பெயர் வைத்ததே ஒரு தவறான வாசிப்பு. 1866இல் இங்கிலாந்தில் ஜான் லாங்டன் டவுன் இவர்களைத் துல்லியமாக வர்ணித்தார். தோல் உடம்புக்குப் பெரிதாக இருப்பதுபோல் தோன்றுகிறது என்றுகூடக் கவனித்தார். 126 வருஷம் கழித்து மில்லிமீட்டரில் அளக்கத் தொடங்கியது அந்தக் கவனிப்பின் நீட்சிதான். ஆனால் முகச்சாயலை வைத்து ஓர் இனத்தின் பெயரைச் சூட்டினார். மங்கோலியா ஆட்சேபித்து, உலக சுகாதார நிறுவனம் அந்தப் பெயரை 1965இல்தான் கைவிட்டது. 47 குரோமோசோம்கள் என்ற காரணம் பாரிஸில் 1959இல் வெளியாயிற்று. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இவர்களின் சராசரி ஆயுள் இருபத்தைந்து வருஷம். பிறகு அறுபதைத் தொட்டது. குரோமோசோம் மாறவில்லை. இதய அறுவைச் சிகிச்சை கிடைத்தது, விடுதிகளில் அடைத்துவைப்பது குறைந்தது. குறை என்று நாம் வாசித்ததில் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு நம்முடையது என்று இதற்குமேல் கேட்க வேண்டியதில்லை.

இதைச் சொல்வதால், பெற்றே தீர வேண்டும் என்று எந்தப் பெண்ணுக்கும் உபதேசிப்பதாக அர்த்தமில்லை. கவுண்ட்டரில் அந்த அம்மா கேட்ட கேள்வியை ராத்திரியில் கேட்டுக்கொண்டிருக்கப்போவது அவள்தான். அந்த இரவுகளில் பங்கு கேட்காதவர்களுக்கு அவள் முடிவிலும் பங்கு இல்லை. 2008இல் மும்பையில் நிகேதா மேத்தா என்பவர், சிசுவின் இதயத்தில் கோளாறு என்று தெரிந்து, அப்போதைய இருபது வார எல்லை தாண்டிவிட்டதால் உயர் நீதிமன்றம் போனார். ஆகஸ்டில் மனு தள்ளுபடியாயிற்று. அதே மாதம் கர்ப்பம் தானாகவே கலைந்தது. எல்லையைப் பற்றிய விவாதம் அங்கிருந்து வலுத்து, 2021இல் சட்டம் திருந்தியது. சிலருக்கு இருபத்துநான்கு வாரம். சிசுவுக்குக் கணிசமான கோளாறு என்று மருத்துவக் குழு சொன்னால் எல்லையே இல்லை. 'கணிசமான' என்பதற்கு விளக்கம் யார் தருவது? மறுபடியும் ஒரு சொல். மறுபடியும் ஒரு வாசகர் குழு. அந்தக் குழுவுக்கு முன்னால் உட்காரும் பெண்ணுக்கு, தன் உடம்பைப் பற்றிய அந்தச் சொல் தன் மொழியில் ஒருமுறையாவது சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

*

விமர்சகன் குறை சொல்லிவிட்டு எழுந்துபோவான் என்ற புகார் உண்டு. எனவே நானும் என் மனைவியும் சேர்ந்து ஒரு தாள் எழுதினோம். எந்த ரிப்போர்ட்டுக்கும் முன்னால் வைத்துத் தைக்கலாம். எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

'இந்த ரிப்போர்ட் உங்கள் குழந்தைக்கு நோய் இருக்கிறது என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. உங்கள் வயது, ரத்தத்தில் இரண்டு அளவுகள், ஸ்கேனில் ஓர் அளவு ஆகியவற்றை வைத்துப் போட்ட கணக்கு இது. உங்களைப் போன்ற அளவுகள் உள்ள 190 பெண்களில் 189 பேரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்காது. ஒருவரின் குழந்தைக்கு இருக்கும். அந்த ஒருவர் நீங்களா என்பது இந்தத் தாளுக்குத் தெரியாது. அளவுகள் இப்படி வந்ததற்கு நீங்கள் சாப்பிட்டதோ செய்ததோ காரணம் அல்ல. மேலும் தெரிந்துகொள்ளப் பரிசோதனைகள் உண்டு. ஊசி போட்டுச் செய்யும் பரிசோதனையில் கர்ப்பம் கலையும் சாத்தியம் சிறிதளவு உண்டு. அவற்றைச் செய்துகொள்ளலாம், செய்துகொள்ளாமலும் இருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் நம் ஊரில் வாழ்கிறார்கள். விரும்பினால் அவர்களின் குடும்பத்தாரிடம் பேசிப் பாருங்கள். எதையும் இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தில் வாரக் கணக்கு உண்டு என்பதால் எத்தனை நாள் யோசிக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புரியாததை மறுபடி கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் பதில் பெறுவது உங்கள் உரிமை.'

கடைசியில் 'கவலைப்பட வேண்டாம்' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று பேசினோம். வேண்டாம் என்றாள் அவள். கவலைப்படலாமா கூடாதா என்பது படிப்பவள் பாடு. தாள் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னால் போதும்.